பறி கடித்த வாய்

எல்லம்மாவுக்குப் பிழைப்பு பழவேற்காட்டு ஏரிக்குள். இடுப்பளவுத் தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பாள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி ஒன்றைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பாள். வாயைத் திறந்தால் அத்தனை இறாலும் ஏரிக்கே போச்சு. அதனால் தண்ணீரில் இறங்கிய பெண்களுக்குப் பேச்சே கிடையாது.

ஊரிலிருந்த டச்சுக் கோட்டையில் யோஹான் என்று ஒரு ஒல்லாந்துக்காரர். படித்தவர், பாடம் சொல்பவர். இருபது வருஷமாக ஒரே கேள்வியைக் குடைந்துகொண்டிருந்தார்: சொல் இல்லாமல் மனசு நினைக்குமா? அடேயப்பா, சோற்றுக் கவலை இல்லாதவனுக்கு எத்தனை கவலை! வாய் பேசாமல் வேலை செய்யும் பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டதும், தன் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி வீரராகவனை அனுப்பி எல்லம்மாவை வரவழைத்தார்.

"தண்ணியில இருக்கசொல்ல உனக்குள்ள இன்னா ஓடுதுனு கேக்குறாரு," என்றார் துபாஷி.

அவளுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான். ஐந்து வருஷத்துக்கு முன், பக்கத்தில் இறால் தடவிய தங்கை காசியம்மாள் வலிப்பு வந்து தண்ணீருக்குள் சாய்ந்தாள். எல்லம்மா பார்த்தாள். பறி நிறைந்திருந்தது. கத்தவில்லை. பறியைத் துப்பிவிட்டு ஓடியபோது எல்லாம் முடிந்திருந்தது. "எனக்கு ஒண்ணுமே தோணலம்மா," என்று அன்று தாயிடம் அழுதாள். அது மெய்தானா என்பதுதான் அவளை அரித்தது. இன்றைக்கும் சேற்றில் கை விட்டால் தங்கையின் விரல் தட்டுப்படும். பதறி இழுத்தால் வெறும் வேர்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். யோஹான் துள்ளி எழுந்து, தாளை இழுத்து மளமளவென்று எழுதினார்.

"வாயில சொல்லு இல்ல, அதனால நெனப்பும் இல்ல. உம்மேல குத்தமே இல்லன்றாரு," என்றார் துபாஷி.

எல்லம்மா ஓவென்று அழுதாள். அன்று வயிறார உண்டாள்.

மறுநாள் ஏரியில் பறி நிறைந்த நேரம், பக்கத்திலிருந்த செல்வம்மாள் பள்ளத்தில் கால் வைத்து முழுகினாள். எல்லம்மாவின் பல் பறியை விடவில்லை. ஒரு மூச்சு நேரந்தான். பிறகு துப்பினாள், பாய்ந்தாள், கூந்தலைப் பிடித்து இழுத்துப் போட்டாள். செல்வம்மாள் இருமிக்கொண்டே சிரித்தாள்.

எல்லம்மா ஈரத்தோடு நேரே கோட்டைக்குப் போனாள்.

"அவரு எழுதினத அடிக்கச் சொல்லுங்கய்யா. அன்னிக்கு எனக்கு சொல்லு வரல. ஆனா பறி கொட்டிடும்னு தெரியும். தங்கச்சி முழுவுறான்னும் தெரியும்."

என்ன சொல்கிறாள் என்று யோஹான் திரும்பத் திரும்பக் கேட்டார். துபாஷி அதை மொழிபெயர்க்காமல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"சொல்லுங்கய்யா," என்றாள் எல்லம்மா. "ரெண்டும் தெரிஞ்சுதான் இருந்தேன்னு சொல்லுங்க."