நாலாவது முடிச்சு

மேட்டூர் அணை கட்டிக்கொண்டிருந்த நாட்களில், அங்கே கூலிக் கணக்கு எழுதும் வேலையில் இருந்தேன். கல் சுமந்தவர்களில் ராசிபுரத்து நெசவாளி ஒருவர் உண்டு. ஒடிசலான உடம்பு, காதோரம் நரை. வாரக் கூலி வாங்கியதும் மர நிழலில் உட்கார்ந்து, துண்டின் நான்கு மூலைகளிலும் முடிச்சுப் போடுவார். அரிசிக்கு ஒன்று, குடிசை வாடகைக்கு ஒன்று, ஊரில் நூல் கடையில் பட்ட கடனுக்கு ஒன்று. கூலி குறைந்த வாரத்திலும் கடன் முடிச்சு மெலிந்து நான் பார்த்ததில்லை. நாலாவது மூலையில் மட்டும் காசு இருக்காது. ஆனாலும் அதையும் இறுக்கி முடிவார்.

"அதுல ஒண்ணுமில்லையே, எதுக்கு முடியறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஊருக்குப் போற பஸ் காசுங்க சாமி. ஊட்ல புள்ள பொறந்து எட்டு மாசமாச்சுங்க. இன்னும் மொகம் பாக்கலீங்க."

"காசு சேந்தப்புறம் முடிஞ்சுக்கலாமே?"

"மூலை சும்மா கெடந்தா வேற செலவு வந்து குந்திக்குமுங்க. அப்புறம் போகோணும்ங்கிற நெனப்பே போயிருமுங்க."

அந்தக் குழந்தையின் முகத்தை அவர் எப்போது பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. அப்போது என் அம்மா சேலத்தில்தான் தனியாக இருந்தாள். பஸ் காசு எப்போதும் என் சட்டைப் பையில் இருந்தது. அந்த வருஷம் முழுக்க நான் ஒரு தடவைகூடப் போகவில்லை.