இரண்டு பொட்டலம், ஒரு தாரணி

போன சனிக்கிழமை காலை நண்பர் செல்வம் போன் எடுத்தார்.

"அண்ணை, உடனை வாங்கோ. பூக்கட்டிப் பாக்கப்போறம். முறை தெரிஞ்ச ஆள் ஒண்டு வேணும்."

எனக்கா முறை தெரியாது? முப்பது வருடம் அரசாங்க அலுவலகத்தில் விதிமுறைகளோடு குடும்பம் நடத்தியவன். அடுத்த பஸ்ஸில் அவர் வீடு இருக்கும் அஹுன்ட்சிக் போய் இறங்கினேன்.

பிரச்சினை அவருடைய மகள் தாரணி. இருபத்தாறு வயது. கோடையில் பேஸ்போல், இலையுதிர்காலத்தில் ஃபுட்போல் – உதைக்கிற பந்தல்ல. பந்தை அணைத்துக்கொண்டு ஓடுபவளை நாலு பேர் பாய்ந்து விழுத்துகிற விளையாட்டு. இரண்டிலும் கெட்டிக்காரி. இப்போது இரண்டு தேசிய அணிகளும் தேர்வுக்குக் கூப்பிட்டிருக்கின்றன... ஒரே நாளில்! மத்தியானத்துக்குள் ஒன்றுக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். மற்றது அத்தோடு முடிந்தது.

செல்வத்துக்கு பேஸ்போல்தான் விருப்பம். "அதிலை ஒருத்தரும் பிள்ளையை விழுத்தமாட்டினம்."

மனைவி ரஞ்சிக்கு ஃபுட்போல். "அதிலையெண்டால் ஹெல்மெட்டும் கவசமும் போட்டுத்தானே விடுறாங்கள்."

தாரணிக்கு? அதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சாமிப் படத்துக்கு முன்னால் இரண்டு பொட்டலங்கள். வெள்ளைப் பூ வந்தால் பேஸ்போல், சிவப்பு வந்தால் ஃபுட்போல். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தேன். சிவப்பு.

செல்வத்தின் முகம் கறுத்தது. "இருக்கேலாது!"

"ஏன் இருக்கேலாது?" ரஞ்சி மிக அமைதியாகக் கேட்டார்.

மற்றதையும் பிரித்துக் காட்டுவதுதான் முறை. பிரித்தேன். அதுவும் சிவப்பு!

"நான் ரெண்டிலையும் வெள்ளைதானே வைச்சனான்!" செல்வம் கத்தியேவிட்டார்.

"தெரியும். அதாலைதான் நான் ரெண்டிலையும் சிவப்பை மாத்தி வைச்சனான்."

தேர்தல் கடமையில் எத்தனையோ கள்ள வாக்குப் பார்த்திருக்கிறேன். ஒரே பெட்டியை இரண்டு கட்சியும் மாறி மாறி நிரப்பியதை அன்றுதான் பார்த்தேன்.

தாரணி சிரித்து முடிக்க நேரமெடுத்தது. "அங்கிள், அப்ப சாமி ஒண்டும் சொல்லேல்லை, என்ன?"

"முறைப்படி, இல்லை."

"மெர்சி, அங்கிள்," என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

போனை எடுத்தாள். பேஸ்போலுக்குச் சம்மதம் சொன்னாள். தாய் வாய் திறக்க முன்னமே சொன்னாள்: "ஃபுட்போலுக்கு முழங்கால் இன்னும் ரெண்டு வருசம்தான் தாங்கும் அம்மா. பேஸ்போல் எண்டால் கனகாலம் விளையாடலாம்." பிறகு ஃபுட்போல் பயிற்சியாளருக்கு எடுத்தாள். அந்தப் போனை மட்டும் பல்கனிக்குப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

செல்வமோ சாமிப் படத்தை விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். "பாத்தியளே அண்ணை? கைவிடேல்லை!"

பிள்ளை எடுத்த முடிவு தகப்பனுக்குப் பிடித்துவிட்டால், அதற்குப் பெயர்தான் – தெய்வ சித்தம்!