கீரிப் படத்தில் மச்சாள்

என் கணவரின் அக்கா இருபது வருடம் ஜேர்மனியில் ஒரு பேக்கரியில் வேலை செய்தவர். பிள்ளைகள் வளர்ந்து தங்கள் பாட்டைப் பார்க்கப் போனபின் லண்டனுக்கு வந்தார். ரெய்னர்ஸ் லேனில் எங்கள் வீட்டின் சின்ன அறையை அவருக்குக் கொடுத்தோம். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன், அவரும் என்னை மச்சாள் என்பார். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். கீழே குசினியில் நின்று அவர் போனில் கதைத்தால் மேலே குளியலறையில் ஒவ்வொரு சொல்லும் கேட்கும். அந்தக் குரல் எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கவில்லை. அவரோடு நன்றாகத்தான் இருந்தேன். பொறாமைப்பட அவரிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நான் ஆறு வயதில் பரதநாட்டியம் படிக்கத் தொடங்கியவள். கிழமை நாட்களில் கவுன்சில் அலுவலகத்தில் வேலை, சனிக்கிழமைகளில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடன வகுப்பு. ஒரு நாள் வகுப்பின் ஈமெயிலுக்கு ஒரு படக் கம்பனியிலிருந்து கடிதம் வந்தது. ஒரு வீடியோ கேமைச் சிறுவர்களுக்கான சண்டைப் படமாக எடுக்கிறார்கள். எரிமலைக்குள் இருக்கும் தீ ராசாவைச் சுற்றி ஆடுவதற்குக் கிழக்கத்தைய நடனம் தெரிந்த பெரியவர்கள் வேண்டும் என்றிருந்தது.

அந்த கேம் எனக்குத் தெரியும். ஒரு கீரி மண்வெட்டியால் நிலத்தைத் தோண்டித் தோண்டி எரிமலை ராச்சியத்துக்குள் போகும். வழியில் வருகிறவர்களையெல்லாம் மண்வெட்டியால் அடிக்கும். அவ்வளவுதான் கதை. அப்போது பத்து வயதான என் மகள் அதிலேயே கிடப்பாள். நான் தமிழில் எதைக் கேட்டாலும் இங்கிலிஷில் பதில் சொல்கிறவள், நான் அந்தப் படத்தில் ஆடப்போகிறேன் என்றதும் முதல் தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தாள். வகுப்பு முழுக்கப் போய்ச் சொல்லிவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை. கவுன்சிலில் பக்கத்து மேசைக்காரியிலிருந்து டொரொண்டோவில் இருக்கும் என் தங்கச்சி வரைக்கும் எல்லாருக்கும் சொன்னேன்.

என்னிடம் முன்பு படித்த ஏழு பெண்களைச் சேர்த்துக்கொண்டு போனேன். வான் ஓட்டியது மச்சாள். ஸ்டூடியோ லண்டனுக்கு மேற்கே, வயல்வெளிக்கு நடுவில் இருந்தது. மூன்று நாள் வேலை. விடியற்காலையில் எங்கள் முகத்துக்கும் கைகளுக்கும் செம்மஞ்சள் நிறம் பூசி, தலையில் ரப்பர் கொம்பு ஒட்டினார்கள். நடனம் சொல்லித்தர வந்த இளம்பெண், கைகள் தீ மாதிரி அசைய வேண்டும் என்றாள். நான் அலபத்மம் பிடித்துக் காட்டினேன். ஐந்து விரலும் விரிந்து, ஒன்றையொன்று தொடாமல் பூப்போல வளைந்து நிற்கிற முத்திரை. அவள் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மிகவும் ஒழுங்காக இருக்கிறது, கொஞ்சம் குழப்பமாகச் செய்யுங்கள் என்றாள். முப்பது வருடம் பழகிய கையை அன்று நான் குழப்பினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம், வானில் இருந்து அலுத்துப்போன மச்சாள் தேத்தண்ணி தேடிச் சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் வந்தார். காதில் ஹெட்செட் மாட்டிய உதவி இயக்குநர் ஒருவர் வானை வேறிடத்தில் விடச் சொன்னார். "காலமை நீங்கள்தானே உதில விடச் சொன்னனீங்கள்" என்று மச்சாள் தமிழில் தொடங்கி, ஜேர்மன் மொழிக்குப் போய், திரும்பவும் தமிழுக்கு வந்தார். கூடாரமே திரும்பிப் பார்த்தது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அந்த மனிதர் கோபிக்கவில்லை. கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, என்னோடு வரமுடியுமா என்று கேட்டார்.

எரிமலை ராச்சியத்தின் வாசலைக் காக்கிற கிழவி வேடத்துக்கு எடுத்திருந்த நடிகை அன்று வரவில்லையாம். அரை மணித்தியாலத்தில் மச்சாளுக்கும் நிறம் பூசிவிட்டார்கள். என்னுடையதைப்போல இரண்டு மடங்கு பெரிய கொம்பு வைத்தார்கள்.

கீரி பிறகு கம்ப்யூட்டரில்தான் வரும். படம்பிடிக்கும்போது கீரி நிற்கவேண்டிய இடத்தில் ஒரு கம்பின் நுனியில் பச்சை டென்னிஸ் பந்தைக் குத்திப் பிடித்திருந்தார்கள். மச்சாள் அந்தப் பந்தைப் பார்த்து, எரிமலை மொழி என்று யாரோ இருந்து எழுதிய நாலு வரியைச் சொல்லவேண்டும். அவருக்கு அது நாக்கில் நிற்கவில்லை. ஐந்தாம் தரமும் பிழைத்தபோது இயக்குநர் சிரித்துக்கொண்டே, உங்கள் மொழியில் என்ன வருகிறதோ அதைக் கோபமாகச் சொல்லுங்கள் என்றார். நான் பத்தடி தள்ளி, கொம்போடு வரிசையில் நின்றேன்.

மச்சாள் இடுப்பில் கைவைத்து, பந்தைப் பார்த்துச் சொன்னார்: "உந்தச் சேத்துக் காலோட எங்க உள்ள வாறாய்? போ, காலைக் கழுவிப்போட்டு வா."

என்னோடு வந்த ஏழு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. 

அடுத்த வருடம் படம் வந்தது. ஹரோவில் ஒரு தியேட்டரில் சனிக்கிழமை பின்னேரக் காட்சிக்கு எல்லாரும் போனோம். படம் சகிக்கமுடியாத படம். கீரி குசு விட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள், தீ ராசா விழுந்தால் கை தட்டுகிறார்கள். நான் கதிரையின் நுனியில் இருந்தேன். எங்கள் நடனம் வந்தது, எட்டு விநாடி. புகைக்கு நடுவில் கொம்புகள் அசைந்தன. "எது நீங்கள், அம்மா?" என்று மகள் இங்கிலிஷில் கேட்டாள். எது நான் என்று எனக்கே தெரியவில்லை. "அந்த இடது பக்கம்" என்று பொய் சொன்னேன்.

பிறகு வாசல் காட்சி வந்தது. திரை முழுக்க மச்சாளின் முகம். அவர் காலைக் கழுவிப்போட்டு வா என்கிறார். கீழே இங்கிலிஷில், இந்த வாசலைத் தாண்டுகிறவன் சாம்பலாவான் என்று எழுத்து ஓடுகிறது. அந்தத் தியேட்டரில் பாதிப் பேர் எங்கள் ஆட்கள். ஒரு விநாடி எல்லாரும் அப்படியே இருந்தார்கள். பிறகு எழும்பிய சிரிப்பில் அடுத்த காட்சியின் சத்தமே கேட்கவில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். மகள் கதிரையில் ஏறி நின்று, பின்வரிசைகளுக்குத் திரும்பி, "எங்கட மாமி, எங்கட மாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தமிழில்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அந்த ஒரு வசனம்தான். மகள் பள்ளிக்கூடத்தால் வந்ததும் மாமியின் அறைக்குப் போய்விடுவாள். "மாமி, இன்னொருக்காச் சொல்லுங்கோ. சேத்துக்கு வேற என்ன சொல்லுவியள்?" என்று அவள் கேட்பது எனக்குக் கீழே கேட்கும். ஐந்து வருடம் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போயும், ஆசை காட்டியும் அதட்டியும் நான் அவள் வாயிலிருந்து எடுக்கமுடியாத தமிழை மச்சாள் ஒரு டென்னிஸ் பந்தை ஏசி எடுத்துவிட்டார். ஒரு தாய் அதற்குச் சந்தோசப்பட வேண்டும். நான் உடுப்புகளை வேண்டுமென்றே சத்தமாக உதறி மடித்தேன்.

என் வகுப்பிலும் அதுதான். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வரும் தாய்மார், "டீச்சர், உங்கட மச்சாள் இண்டைக்கு வரேல்லையோ? ஒரு போட்டோ எடுக்கவேணும்" என்பார்கள்.

வெம்பிளியில் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வருடமும் என் மாணவிகள்தான் ஆடுவார்கள். மேடைக்குப் பின்னால் நின்று ஊசி குத்தி, சதங்கை கட்டி, அழுகிற பிள்ளையைத் தேற்றி அனுப்புவது நான். அந்த வருடம் சிறப்பு விருந்தினராக மச்சாளைக் கூப்பிட்டார்கள். மாலை போட்டார்கள். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால், வாயில் இரண்டு ஊசியைக் கவ்விக்கொண்டு நான் பார்த்தேன். மச்சாள் மைக்கைப் பிடித்து, "எனக்கு நடிப்பெல்லாம் தெரியாது. என்ர மச்சாள்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனவ. கெட்டிக்காரி அவதான்" என்றார். சபை கை தட்டியது. அவர் மனதாரச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இன்னும் பொறுக்கவில்லை.

அந்த மாதத்திலேயே ஈமெயில் வந்தது. படத்தின் இரண்டாம் பாகம் எடுக்கிறார்கள். வாசற்கிழவிக்கு இந்த முறை பெரிய வேடம், இரண்டு கிழமை வேலை, வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். நடனக்காரர்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. முதல் படத்தில் மச்சாளுக்கான படிவத்தை நிரப்பியது நான் என்பதால் என் ஈமெயில்தான் அவர்களிடம் இருந்தது.

அன்று பின்னேரம் மச்சாள் குசினியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். சொல்லவேண்டும் என்றுதான் உள்ளே போனேன். மகள் சமையல் மேடையில் ஏறி இருந்து மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் கதையை நிறுத்தவுமில்லை, என்னைச் சேர்த்துக்கொள்ளவுமில்லை. தண்ணி குடித்துவிட்டு வெளியே வந்தேன். வியாழன் போனது. வெள்ளி போனது. ஈமெயிலை நான் அழிக்கவில்லை. திறந்து திறந்து பார்த்தேன், பதில் மட்டும் எழுதவில்லை.

திங்கட்கிழமை அவர்கள் என் போனுக்கே அடித்தார்கள். நான் மேலே இருந்தேன், எடுத்தது மகள். நான் இறங்கி வந்தபோது மகளும் மச்சாளும் என் கணவரும் குசினியில் நின்றார்கள். மகள் போனை என்னிடம் நீட்டிவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சாள் கேட்டார், "போன கிழமை கடிதம் போட்டவையாம். நீர் மறந்துபோனீரோ?"

அவர் எனக்கு ஒரு வழி விட்டார். ஓம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். மகள் நின்றதால் என்னால் சொல்லமுடியவில்லை.

"இல்லை. மறக்கேல்லை."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்ல மனம் வரேல்லை, மச்சாள்."

மச்சாளின் குரல் தாழ்ந்து நான் கேட்டது அன்றுதான். "இருபது வருசம் பேக்கரியில நிண்டனான். காசைத் தந்து பாணை வாங்கிக்கொண்டு போவினம். ஒருத்தரும் முகத்தைப் பாக்கிறேல்லை. இந்தப் படத்தாலதான் நாலு சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது. உமக்கு நடனம் இருக்கு, மனுசன் இருக்கு, பிள்ளை இருக்கு. இதையும் உமக்குப் பொறுக்கேலாமல் போச்சே?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஆட்டிவிட்டு அறைக்குப் போனார். என் கணவர் "நீர் இப்பிடிச் செய்வீர் எண்டு நான் நினைக்கேல்லை" என்று மட்டும் சொன்னார். மகள் இரண்டு நாள் என்னோடு எந்த மொழியிலும் கதைக்கவில்லை.

வேடம் அவருக்குத்தான் கிடைத்தது. படக்காரர்கள் வேறு யாரையும் தேடவில்லை. அடுத்த மாதம் மச்சாள் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்துக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெட்டிகளை நாங்கள்தான் ஏற்றிக் கொடுத்தோம். மகள் இரண்டு கிழமைக்கு ஒருமுறை அங்கே போய்த் தங்குகிறாள். போகும்போதெல்லாம் நான் ஏதாவது செய்து கொடுத்துவிடுகிறேன், டப்பாக்கள் கழுவித் திரும்பி வருகின்றன.

போன வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை மச்சாள் வீடியோவில் கூப்பிட்டார். முகம் முழுக்கச் செம்மஞ்சள். தலையில் கொம்பு. இந்தப் படத்தில் வாசற்கிழவி தீயை வணங்கவேண்டுமாம்.

"மச்சாள், அண்டைக்கு வானில வரேக்க நீர் பிடிச்சுக் காட்டின தீக் கை என்னெண்டு? எனக்கு அதுதான் வேணும். இஞ்ச ஒருத்திக்கும் தெரியாது."

எதைக் காட்டினாலும் அவர் அதைத்தான் செய்வார். சரிபிழை பார்க்க அங்கே யாரும் இல்லை. அந்த யோசனை எனக்கு வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"சின்ன விரலை இன்னும் உள்ளுக்கு மடக்குங்கோ. தோளைத் தூக்காதேங்கோ."

"இப்பச் சரியோ?"

"இல்லை. திரும்பச் செய்யுங்கோ."

இருபது நிமிடம் செய்தார். கடைசியில் ஓரளவுக்கு வந்தது. யாரோ கூப்பிட, "பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிட்டார்.

அன்று வகுப்பில் ஒரு சின்னப் பிள்ளை அதே முத்திரையைப் பிழையாகப் பிடித்தாள். வழக்கத்தைவிடச் சத்தமாக ஏசிவிட்டேன். பிள்ளை பயந்துபோய் என்னையே பார்த்தாள். பிறகு பக்கத்தில் குந்தியிருந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக விரித்துவிட்டேன்.