பவுடர் டப்பாவில் டக்ளஸ்

பர்னபாஸ் அண்ணன் கோரமண்டல் தங்கச் சுரங்கக் குடியிருப்பில் எங்கள் லைனில் நாலாவது வீடு. சுரங்கத்தின் பெயிண்ட் ஷாப்பில் வேலை. அபாயப் பலகை எழுதுவது, ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்கு எண் போடுவது என்று எல்லாம் தரைக்கு மேலேயே. ஒரு நாள்கூட உள்ளே இறங்கியவர் இல்லை. இறங்கியவன் அவர் தம்பி டக்ளஸ். 1964இல் பாறை வெடித்து இறந்தான். பெட்டியை ஆணியடித்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். முகத்தை யாரும் பார்க்கவில்லை. கல்யாணத்தில் எடுத்த பிலிமில் வெளிச்சம் பட்டுவிட்டதால் அவனுக்குப் போட்டோ என்று ஒன்றும் கிடையாது. அண்ணன் அழவில்லை. மூன்றாம் நாளே வேலைக்குப் போய்ப் பலகை எழுதினார். கல் நெஞ்சக்காரன் என்று லைனில் பேசினார்கள். நானும்தான் பேசினேன்.

அடுத்த வருடம், பஜாரில் கடை வைத்திருந்த பாண்டுரங்கன் ஆண்களுக்கென்று ஒரு முகப் பவுடர் தயாரித்து விற்க முடிவு செய்தார். கடைக்குப் பின்னாலேயே பவுடர் கலந்தாகிவிட்டது. டப்பாவுக்கு லேபிள் வேண்டும்.

"பர்னபாஸு, ரோஜாப்பூ கீஜாப்பூ போட்டுடாத. ஷிப்ட் முடிச்சி குளிச்சிட்டு வர்றவன் கூச்சப்படாம கேட்டு வாங்கணும்."

அண்ணன் அந்த வேலையில் கெட்டிக்காரர். பெண்கள் டப்பா எல்லாம் இளஞ்சிவப்பு, அதனால் இதற்குக் கரும்பச்சை. வளைவு நெளிவு வேண்டாம், சுரங்கத்துப் பலகையில் எழுதுகிற மாதிரி தடித்த நேர் எழுத்து. 'சூர்யா' என்ற பெயரும் அவர் வைத்ததுதான். பகலெல்லாம் வெயில் பார்க்காதவர்களுக்குப் பிடிக்கும் என்றார். நடுவில் வட்டத்துக்குள் ஓர் ஆண் முகம். அதற்காக யாரையும் உட்காரவைக்கவில்லை, கை போன போக்கில் வரைந்தார். முடிந்ததும் பார்த்தால் டக்ளஸ். மழமழவென்று மழித்த அதே முகம்.

டக்ளஸின் மனைவி ஜெயசீலி கடைக்குப் போய் டப்பாவைப் பார்த்தாள். வாங்கவில்லை. "கடையிலதான இருக்காரு, எப்ப வேணா பாத்துக்கலாம்" என்றாள் என்னிடம்.

டப்பா விற்கவில்லை. சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே மாண்டவன் பெயரை ஷிப்டுக்கு முன்னால் யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். பெயருக்கே அப்படியென்றால், முகத்தை யார் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்கள்? தரைக்கு மேலேயே காலம் தள்ளிய அண்ணனுக்கு இது உறைக்கவில்லை. சுரங்கத்துக்குள் டக்ளஸோடு ஒரே ஆழத்து லெவலில் வேலை பார்த்த ராஜப்பா, டப்பாவைத் திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "இவன் மூஞ்சில முழிச்சிட்டு நான் எப்டி மொதலாளி கேஜுல ஏறுவேன்?"

பாண்டுரங்கன் கெட்டவர் இல்லை. வியாபாரி, வேறென்ன செய்வார்? படத்தை எடுத்துக்கொண்டு லைனுக்கே வந்துவிட்டார்.

"ஒரே ஒரு மீசை வெச்சிடு பர்னபாஸு. ஆள் மாறிடும். சாய்ங்கால வண்டில பெங்களூர் பிரஸ்ஸுக்கு அனுப்பணும்."

வேறு படம் வரைய நேரமில்லை. அண்ணன் அந்த ஒரே படத்தின் மேலேயே கறுப்பைத் தொட்டு மீசை வைத்தார். அடர்த்தியாக, மேலுதடு மூடும்படி. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு டீ கேட்டார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

பழைய லேபிள்களைப் பாண்டுரங்கன் தொட்டியில் ஊறவைத்து உரித்து வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார். மீசைக்காரன் நன்றாகவே விற்றான். ராஜப்பா வீட்டிலும் ஒரு டப்பா இருந்தது.

இரண்டாம் வருட நினைவு ஜெபத்துக்கு முந்தின வாரம் ஜெயசீலி அண்ணனிடம் வந்தாள்.

"மாமா, மீசை இல்லாம ஒண்ணு வரஞ்சி குடுங்க. ஜெபத்துல வெக்கணும்."

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தார். கண் வந்தது, காது வந்தது, நெற்றியில் விழும் முடி வந்தது. மூக்குக்குக் கீழே வந்ததும் பென்சில் நின்றுவிடும். எந்த உதட்டை வைத்தாலும் வேறு யாரோ. ஏழெட்டுத் தாள் வீணாகிப்போனது. கடைசியில் கடையிலிருந்து ஒரு டப்பாவை வாங்கிவந்து அவள் கையில் கொடுத்தார்.

ஜெயசீலி மீசையை விரலால் மறைத்துப் பார்த்தாள். விரலை எடுத்தாள். மறுபடி மறைத்தாள்.

"இங்க எப்டி இருக்கும் மாமா?"

"உனுக்கும் தெரியலியாம்மா?" என்றார் அண்ணன்.

இருவரும் வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்கள். எவ்வளவு யோசித்தும் எனக்கும் அந்த உதடு ஞாபகத்துக்கு வரவில்லை. அண்ணன் அப்போதும் அழவில்லை. நான்தான் அழுதேன்.