கற்பூரத் தட்டு

கள்ளை விட்டவர்களின் கூட்டம் காஜா பெராங்கில் எங்கே நடக்கிறது என்று நான் விசாரித்தது கள்ளுக்கடையில்தான். வேறு யாருக்குத் தெரியும்? மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம் அது. துணிச்சலுக்கு ஒரு மங்குக் கிண்ணம் கள்ளைக் குடித்துவிட்டு கூட்டம் நடக்கும் மாடிக்கு ஏறினேன். கீழ்ப்படியில் என் மனைவி காவலுக்கு உட்கார்ந்துகொண்டாள்.

மேலே எட்டுப் பேர் பாயில் இருந்தார்கள். தலைவர் தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி என்முன் நீட்டினார்.

"இன்னிக்குக் குடிக்கலன்னு கையால அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க தம்பி. இங்க எல்லாரும் பண்ணுவோம்."

என்ன மனுஷன் இவர், வந்தவுடனேயா? பொய்ச் சத்தியம் செய்யப் பயந்தேன். இறங்கி ஓடலாமென்றால் படியில் அவள். கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு நெருப்பையே பார்த்தேன். கற்பூரம் தானாகவே அணைந்தது.

தலைவர் இன்னொரு கட்டியை எடுத்து வைத்தார்.