நேற்று மாலை முதல் காணவில்லை

செல்போனில் காணாமல் போன குழந்தை என்று ஒரு படம் வந்தால் எல்லோரும் முகத்தைப் பார்ப்பார்கள். நான் தேதி இருக்கிறதா என்று பார்ப்பேன். பெரும்பாலும் இருக்காது. அன்றைக்குக் குழம்பில் உப்பு இரண்டு தடவை விழும். "அனுப்புனா அனுப்பு, இல்லாட்டி அழிச்சுடு. எதுக்கும்மா அத வச்சிக்கினு ஒக்காந்திருக்க?" என்று என் மகன் சிரிப்பான். அவனிடம் வாயால் சொல்ல எனக்கு வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன். நான் ஏழாவதோடு நின்றவள், அதுவும் மராத்திப் பள்ளிக்கூடம். தமிழ் எழுத்து அப்பா சொல்லிக்கொடுத்தது, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்.

அப்போது பூனாவில், போசரியில் இருந்தோம். அப்பாவுக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மா வேலூர்ப் பக்கம்; பூனாவுக்கு வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் காய்கறிக்காரனிடம் விரலைக் காட்டித்தான் பேரம் பேசுவாள். தம்பிக்கு நாலு வயது. கராடியில் கம்ப்யூட்டர் ஆபீஸில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். வந்தால் உலகத்து அதிசயங்களை எல்லாம் சொல்வார். எந்த நாட்டிலோ மீன் மழை பெய்ததாம், எவனோ செத்துப் பிழைத்தானாம். "எல்லாம் இன்டர்நெட்ல வந்தது மாமா" என்பார் அப்பாவிடம். "மீன் மழ பெஞ்சா இங்க ரெண்டு கிலோ பெய்யச் சொல்லு மச்சான்" என்பார் அப்பா. சிரிப்பும் பேச்சுமாக இருந்த வீடுதான்.

கணபதி கரைக்கிற நாள் அன்று மெயின் ரோட்டில் அம்மா, நான், தம்பி மூவரும் நின்றிருந்தோம். டோல் மேள அடி காதைப் பிளந்தது. குலால் பொடி பறந்து ஊர் முகமெல்லாம் சிவப்பு. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்திருந்தேன். தம்பியின் கை அம்மாவின் கையில் இருந்தது. பெரிய கணபதி எங்களைக் கடந்தபோது எல்லோரும் கும்பிட்டார்கள். அம்மாவும் இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினாள். எதையோ வேண்டிக்கொண்டு கண்ணைத் திறந்தாள். அவ்வளவு நேரம்தான்.

மறுநாள் மாமா ஆபீஸிலிருந்து ஒரு மெயில் அனுப்பினார். தம்பியின் பிறந்தநாளுக்கு ஸ்டூடியோவில் எடுத்த படம். கட்டம் போட்ட சட்டை, அம்மா வைத்துவிட்ட திருஷ்டிப் பொட்டு இடது கன்னத்தில். கீழே ஆங்கிலத்தில் நாலு வரி: இந்தக் குழந்தையை நேற்று மாலை முதல் காணவில்லை, தமிழ் மட்டும் பேசுவான், கண்டால் தயவுசெய்து இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள், தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்புங்கள். எங்கள் வீட்டுப் போன் நம்பர். ஆபீஸில் இருந்தவர்கள் எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் அனுப்பினார்கள்.

தம்பி கிடைத்தான். ரோட்டுக்குப் பின்னால் அடுக்குமாடி கட்டத் தோண்டிய குழியில், மழைத் தண்ணீரில். அப்பாவும் மாமாவும் போய்ப் பார்த்து அங்கிருந்தே சுடுகாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பார்க்கிற மாதிரி இல்லை என்று அம்மாவுக்கு முகத்தைக் காட்டவில்லை. சட்டையை வைத்து அடையாளம் கண்டதாக அப்பா சொன்னார்.

"அந்த சட்ட ஊர்ல எத்தன புள்ள போட்டிருக்கும்" என்றாள் அம்மா. அதற்கு மேல் அழவும் இல்லை.

மாமா இன்னொரு மெயில் அனுப்பினார். அதில் அந்த வார்த்தையை எழுத அவருக்குக் கை வரவில்லை. "கிடைத்துவிட்டான், எல்லோருக்கும் நன்றி" என்று மட்டும் போட்டார். படம் வைக்கவில்லை. முதல் மெயில் போன வேகத்தில் இரண்டாவது போகவில்லை. போன இடங்களில் இருந்தும் நல்லது ஒன்றும் வரவில்லை. நாசிக்கில் இருந்து ஒரு வயதான அம்மாள் கூப்பிட்டு, குழந்தை கிடைத்ததற்கு அக்கம்பக்கத்தில் இனிப்புக் கொடுத்தீர்களா என்று இந்தியில் கேட்டார். போனை எடுத்தது நான். கொடுத்தோம் என்றேன்.

முதல் மெயில் நிற்கவே இல்லை. அதில் தேதி இல்லையே. பார்க்கிறவர்களுக்கெல்லாம் அவன் நேற்று மாலைதான் காணாமல் போயிருந்தான். சூரத்தில் இருந்து ஒரு கடைக்காரர், ஹூப்ளியில் இருந்து ஒரு காலேஜ் பெண், துபாயில் இருந்து யாரோ. மாமா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்: "யாரு கேட்டாலும் 'மில் கயா'ன்னு சொல்லிட்டு வச்சிடு. கெடச்சிட்டான்னு அர்த்தம், பொய்யும் இல்ல." ஆனால் வைக்க அம்மா விடமாட்டாள். ரிசீவரில் அவளும் காதை வைத்துக்கொண்டு நிற்பாள்.

"இன்னாடி சொல்றாங்க?"

"புசாவல் ஸ்டேஷன்ல பாத்தாங்களாம்."

"சாப்ட்டானாமா, கேளு. கால்ல செருப்பு இருந்துச்சாமா?"

நான் கேட்பேன். கேட்டதை அப்படியே தமிழில் சொல்வேன். வடா பாவ் தின்றுகொண்டிருந்தான் என்று யாராவது சொன்னால் அன்றைக்கு அம்மா ஒரு வாய் சாப்பிடுவாள். சில பையன்கள் வேண்டுமென்றே கூப்பிட்டுக் குழந்தை மாதிரி அழுதுகாட்டிச் சிரிப்பார்கள். அதை மட்டும் நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்கும் அது கேட்டிருக்கும்தான்.

"போன்ல வர்றவன் யாரு பெத்த புள்ளயோ. நம்ம புள்ள அதுல வரமாட்டான்டி" என்று அப்பா ஒரு தரம் கத்தினார். அம்மா போனைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தீபாவளி விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அம்மா என்னை அனுப்பவில்லை. வீட்டில் இந்தி தெரிந்த ஆள் வேண்டும், போன் வந்தால் யார் எடுப்பது என்றாள். டீச்சர் வீட்டுக்கே வந்து ஏன் அனுப்பவில்லை என்று மராத்தியில் கேட்டார். அதை நானே தமிழில் சொல்லி, அம்மாவின் பதிலை நானே மராத்தியில் சொன்னேன். டீச்சர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அடுத்த வெயில்காலத்தில், பூனாவிலேயே வானவடியில் இருந்து அந்தப் போன் வந்தது. பட்டாளத்தில் இருந்தவர் போலக் கனமான குரல். நான் வழக்கம்போல "மில் கயா" என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன கிடைத்தது? குழந்தை இங்கே என் முன்னால் நிற்கிறான். தூக்கிக்கொண்டு போனவளையும் எங்கள் அபார்ட்மென்ட் ஆட்கள் பிடித்து வைத்திருக்கிறார்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா." அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் ஓலம் கேட்டது. அதற்கும் பின்னால் ஒரு குழந்தை "அம்மா, அம்மா" என்று அழுதது.

அம்மாவின் காது ரிசீவரில் இருந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

மாமாவுக்குப் போன் செய்தேன். "போகாதக்கா, வேணாம்" என்று அவர் சொல்லும்போதே அம்மா வாசலில் இருந்தாள். சிக்ஸ் சீட்டர் ஆட்டோவில் நெருக்கியடித்து சிவாஜிநகர், அங்கிருந்து பஸ். வழி முழுக்க எனக்கு ஒரே பயம். அம்மா ஆமாம் என்று சொல்லிவிட்டால்? அதை இந்தியில் சொல்லப்போவது நான்தானே.

அந்த அபார்ட்மென்ட் வாசலில் வாட்ச்மேன் அறையைச் சுற்றிக் கூட்டம். நடுவில் தரையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முடி கலைந்திருந்தது, உதடு கிழிந்து ரத்தம் வந்திருந்தது. காலெல்லாம் காய்ந்த சிமென்ட். பக்கத்துக் கட்டடத்தில் சித்தாள் வேலை போலிருக்கிறது. பையனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்த்தி, பெண்கள் பிஸ்கட்டும் ஜூசும் கொடுத்திருந்தார்கள். அவன் எதையும் தொடவில்லை.

ஓர் இளைஞன் எங்கள் மெயிலை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தான். எத்தனையோ கை மாறி வந்ததில் தம்பியின் முகம் கறுப்பும் வெளுப்புமாகக் கலங்கிப்போயிருந்தது. நாங்கள் எழுதாத வரிகள் சேர்ந்திருந்தன. இடது கன்னத்தில் கரிய மச்சம் என்று ஒரு வரி. நானே விசாரித்தேன், உண்மைதான் என்று கடைசியில் ஒரு வரி. "நேற்று மாலை முதல்" மட்டும் அப்படியே இருந்தது.

"நல்லாப் பாருங்க பெஹன்ஜி, மச்சம்கூட இருக்கு" என்றார் கனத்த குரல்காரர் இந்தியில்.

பையன் அம்மாவைப் பார்த்துப் பின்வாங்கினான்.

"பாவம், பெத்தவளையே மறந்துட்டான்" என்றாள் ஒருத்தி.

"இவளுங்க ஊசி போட்டு மறக்க வச்சிடுவாளுங்க ஆன்ட்டி, நெட்ல படிச்சிருக்கேன்" என்றான் இளைஞன்.

அம்மா நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டாள். பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி இருந்திருந்தால் இந்நேரம் இவனைவிட ஒரு சாண் வளர்ந்திருப்பான். எனக்கே அது தெரிந்தது. அம்மாவுக்கு ஏன் இத்தனை நேரம் ஆகிறது, மறந்துபோய்விட்டாளா என்று நினைத்தேன். "வஹீ ஹை நா?" என்று கூட்டம் கேட்டது. "இவன்தானான்னு கேக்குறாங்கம்மா" என்றேன். அவள் கை பையனின் முழங்காலில் இருந்தது. எடுக்கவில்லை.

அப்போது தரையில் இருந்தவள் பேசினாள். கத்தவில்லை. அடித்தொண்டையில் ஏதோ நாலு வார்த்தை. அம்மா சட்டென்று திரும்பினாள். அவள் பேசியது தெலுங்கு. அம்மாவின் ஊர்ப் பக்கம் சந்தையில் தெலுங்கு புழங்கும். அது அம்மாவுக்கு வரும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அம்மா ஏதோ கேட்டாள். அவள் சொன்னாள். அம்மா மறுபடி கேட்டாள்.

"என்ன சொல்கிறாள்?" என்றார் கனத்த குரல்காரர் என்னிடம்.

"தெரியல."

"உங்க மதராசி பாஷைதானே?"

அத்தனை நாளும் எல்லோருக்கும் பேச்சை மாற்றிச் சொன்ன எனக்கு, அம்மா பேசியது ஒரு சொல்கூடப் புரியவில்லை.

அம்மா கட்டை விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கினாள். பையனின் கன்னத்தில் அழுத்தித் துடைத்தாள். மச்சம் அழிந்து விரலோடு வந்துவிட்டது. மைப்பொட்டு. அங்கே நின்றிருந்த ஒவ்வொருத்தியும் தன் குழந்தைக்கு ஒரு காலத்தில் வைத்திருப்பாள். இளைஞன் தாளை மடித்தான்.

அம்மா அதே விரலை அதே இடத்தில் வைத்து எடுத்தாள். பொட்டு திரும்ப வந்தது, முன்னைவிட மங்கலாக. பையனை இறக்கிக் கூட்டிப்போய், அவன் கையைத் தரையில் இருந்தவளின் கைக்குள் வைத்து மூடினாள். அந்தப் பெண் அழுதுகொண்டே கையை விடுவித்து அம்மாவைக் கும்பிட வந்தாள். அம்மா அவள் கையைத் தட்டிவிட்டாள். மறுபடி பையனின் கையை எடுத்து அதற்குள் திணித்து, விரல்களை இறுக்கி மடக்கினாள். மடக்கிய கை மேல் ஓர் அடியும் அடித்தாள். அம்மாவுக்கு அவள் மேல் ஏதோ கோபம் என்று நினைத்தேன்.

"அப்போ உங்க குழந்தை?" என்று கூட்டத்தில் ஒருத்தி மெதுவாகக் கேட்டாள்.

"மில் கயா" என்றேன்.

"கிடைச்சிட்டானா? அப்பா, நிம்மதி" என்றாள் அவள். போலீஸ் வந்து சேருவதற்கு முன்பே கூட்டம் கலைந்தது. அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

திரும்பும் வழியில் கணபதி கோயில் ஒன்று வந்தது. சிக்ஸ் சீட்டர்க்காரன் ஹேண்டிலை விட்டுவிட்டே கும்பிட்டான். அம்மா ஒரு கையை மட்டும் தூக்கி நெற்றியைத் தொட்டாள். இன்னொரு கை என் மணிக்கட்டில் இருந்தது. வளையல் பதிந்து எனக்கு வலித்தது. சில மாதமாகவே அவள் ஒற்றைக் கையால்தான் சாமி கும்பிடுகிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அந்தக் கையில வலியாம்மா?" என்று கேட்டேன்.

"இல்ல" என்றாள்.

அந்த மாதமே அப்பா போனைச் சரண்டர் செய்துவிட்டார். ஆள் வந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனான். ஜூன் பிறந்தது; பள்ளிக்கூடம் திறந்தது. போன் எடுக்கத்தானே என்னை நிறுத்தியது, இனி அனுப்பிவிடுவாள் என்று நானாகவே பையைத் தட்டி எடுத்து, யூனிபார்மின் கீழ்மடிப்பைப் பிரித்துவிட்டு, குளித்துத் தலை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தெருவில் என் வகுப்புத் தோழிகள் மழைக்கோட்டோடு போனார்கள். எட்டாவது போகிறவர்கள். ஒருத்தி "சல் நா" என்று கூப்பிட்டாள்.

அம்மா வாசலுக்கு வந்து என் பக்கத்தில் நின்றாள். அவர்கள் தெருமுனையில் திரும்பும் வரை நின்றாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எப்போது போகச் சொல்வாள் என்று. போன்தான் இல்லையே, இன்னும் எதற்காக என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.