வாய் திறக்காத அரை மைல்

சமோவாவைப் பற்றிச் செமிசிக்கு நாற்பது ஆச்சரியச் செய்திகள் தெரியும். அவற்றில் பதினொன்று உண்மை. மீதி அவர் வாயில் விளைந்தவை. தெற்குக் கடற்கரைக்குப் பதினேழு வருஷமாக வேன் ஓட்டுகிறார். பயணிகளுக்கு இந்த நாற்பதும் வழியெல்லாம் இலவசம்.

உண்மையே போதும் என்பது அவர் மனைவி பெனினாவின் கட்சி. 2011 கடைசியில் தேதிக்கோட்டை மாற்றியபோது ஒரு வெள்ளிக்கிழமையைத் தீவு முழுக்க விட்டுத் தாண்டினார்கள். வியாழன் படுத்தவர்கள் சனிக்கிழமை எழுந்தார்கள். இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? செமிசிக்கு வேண்டியிருந்தது. அன்றுதான் தன் பிறந்தநாள் என்று சேர்த்துக்கொண்டார். ஒரு பயணி கண்கலங்கி அவர் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அவர் பிறந்தது மார்ச்சில்.

"மார்ச்சுல ஒரு தடவ, டிசம்பர்ல ஒரு தடவ வயசானா கெழடு தட்டாம என்ன செய்யும்" என்பாள் பெனினா.

பயணிகள் மீதும் அவளுக்கு மதிப்பில்லை. கைக்குட்டை அளவு துணியை உடுத்திக்கொண்டு, இந்த ஊர்ச் சுவரில்லாத வீடுகளில் இருக்கக் கூச்சமாக இருக்காதா என்று கேட்கிறவர்கள். எதைச் சொன்னாலும் குறித்துக்கொள்வார்கள். யாரிடமும் சரிபார்க்க மாட்டார்கள். அப்படிப்பட்ட காதுகளுக்கு அப்படிப்பட்ட வாய் வாய்த்தது.

கடற்கரைக்கு முந்தைய ஊர் வைத்தோலு, பெனினா பிறந்த ஊர். அங்கே அவள் பெரியப்பாவும் குடும்பத் தலைவருமான தௌமாயியின் வீட்டு முற்றத்தில், அவர் தாத்தாவின் கல்லறை ஐந்து படியாக உயர்ந்து நிற்கும். படி கூடக்கூட மதிப்பும் கூடுதல். ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். பக்கத்தில் இரண்டு படியில் பெனினாவின் அம்மா. சனிக்கிழமைதோறும் பெனினா வந்து அதைத் தேய்த்துக் கழுவிவிட்டுப் போவாள்.

செமிசி அந்த ஐந்து படிக்கும் ஒரு கதை கட்டினார். ஐந்து மனைவிகளாம். மனிதரின் குறட்டை தாங்காமல் ஐவரும் ஓடிப்போனார்களாம். ஒருத்திக்கு ஒரு படி.

வேன் குலுங்கச் சிரித்த ஒருவன் ஊருக்குப் போய் இணையத்தில் எழுதினான்: 'சமோவா: நீங்கள் நம்பமாட்டாத பத்து விஷயங்கள்.' நான்காவது விஷயத்தில் தௌமாயியின் பெயர், கல்லறையின் படம். ஆக்லாந்தில் இருக்கும் அவர் பேத்தி அதைப் படித்துவிட்டு அழுதுகொண்டே தாத்தாவுக்குப் போன் போட்டாள்.

மறுநாள் ஊர்க்கூட்டம் கூடியது. செமிசியின் வேன் வைத்தோலுவுக்குள் நுழையக்கூடாது. அவர் மனைவியும் நுழையக்கூடாது. கடற்கரைக்கு வேறு சாலை கிடையாது.

அந்தச் சனிக்கிழமை பெனினா வாளியோடு ஊர் எல்லை வரை போனாள். அங்கே நின்ற பையன்கள் மரியாதையாகவே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தவள் பெட்டியிலிருந்து தன் கல்யாணப் பாயை எடுத்துப் புருஷன் முன்னால் போட்டாள். பட்டுபோல மடியும் பாய்; அவள் அம்மா இரண்டு வருஷம் உட்கார்ந்து முடைந்தது.

"வேன விட்ருங்க, வேற பொழப்பு பாத்துக்கலாம். எங்கம்மாவ எங்க போய்ப் பாப்பேன் நான்? போய்த் தலைல போட்டு உக்காருங்க."

அதுதான் இஃபோகா. பெருந்தவறு செய்தவன் விடியும் முன் எதிராளி வீட்டு வாசலில் பாயைப் போர்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அவர்கள் வந்து பாயை விலக்கினால் மன்னிப்பு. விலக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மன்னிப்புக் கேட்க வருகிறவர்களுக்கு மட்டும் வைத்தோலுவில் தடையில்லை. இருட்டோடு போய்த் தௌமாயி வாசலில் செமிசி உட்கார்ந்தார். பின்னால் புல்லில் பெனினா. வெயில் ஏறியது. தௌமாயி வீட்டில் தேநீர் குடிப்பது தெரிந்தது; சுவரில்லாத வீட்டில் எல்லாம் தெரியும். பத்து மணிக்கு வாடகைக் கார் ஒன்று நின்றது. இறங்கிய இருவர் பாய்க்குவியலைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்தார்கள். இது விற்பனைக்கா என்று ஒருத்தி பெனினாவிடம் கேட்டாள். பாயா, உள்ளே இருப்பதா என்று பெனினா திருப்பிக் கேட்டாள். பாய்க்குள்ளிருந்து ஒரு இருமல் வந்ததும் அவர்கள் காருக்கு ஓடினார்கள்.

மதியம் தௌமாயி எழுந்து வந்தார். பாயைத் தொடவில்லை.

"எங்க தாத்தாவுக்கு அஞ்சு பொண்டாட்டியாமே மாப்ள. பேரு சொல்லுங்க கேப்போம்."

பாய் இன்னும் கொஞ்சம் குனிந்தது.

"ஒருத்திதான். எங்க பாட்டி. அவ ஓடல. அந்த மனுஷன் கொறட்டைய நாப்பது வருஷம் காதுல வாங்கிட்டுப் படுத்திருந்தா."

குறட்டை மட்டும் உண்மை என்பது பெனினாவுக்கே அன்றுதான் தெரியும். சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரார் அழுகிறாள் என்று நினைத்தார்கள். தௌமாயி பாயை உருவி, மடித்து, அவள் மடியில் வைத்தார்.

"வேன் போகலாம், இவளும் வரலாம். எல்லைல இருக்கற ஈரப்பலா மரத்துலேர்ந்து கோயில் தாண்டற வரைக்கும் உங்க வாய் தொறக்கக்கூடாது மாப்ள. ஒரு சொல்லு வந்தாலும் இன்னொரு பாய் தேட வேண்டியிருக்கும்."

அடுத்த சனிக்கிழமையிலிருந்து அப்படியே நடந்தது. ஈரப்பலா மரம் வந்ததும் செமிசி பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார். கேள்வி கேட்டாலும் சாலையையே பார்ப்பார்.

நான்கு மாதம் கழித்து, வாளியோடு பெனினா வேனில் உட்கார்ந்திருந்தாள். மரம் நெருங்கியது. முன்சீட்டிலிருந்த பெண் தொப்பியைக் கழற்றினாள். விரலை உதட்டில் வைத்து மற்றவர்களையும் அடக்கினாள். இது புனித ஊர், இங்கே ஓட்டுநர்கள் முன்னோருக்காக மௌன விரதம் இருக்கிறார்கள், இணையத்தில் படித்தேன் என்று பக்கத்துச் சீட்டில் கிசுகிசுத்தாள். வேன் முழுக்கத் தலைகள் கவிழ்ந்தன.

கண்ணாடியில் செமிசியின் கண் பெனினாவைத் தேடியது. வாய் துடித்தது அவருக்கு. பெனினா வாளியை எடுத்துக்கொண்டு, ஐந்து படிக் கல்லறைக்கு முன்னால் இறங்கிக்கொண்டாள்.